மிஷினுக்கு ஒரு கடன், துணிக்கு ஒரு கடன்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டம் புதியம்புத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். 6 வருஷமாக வீட்டிலிருந்தே வியாபாரிகளுக்கு நைட்டி தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறேன். இனி நானே துணி எடுத்துத் தைத்து விற்க ஆசை. பவர் மிஷின், ஓவர்லாக் வாங்க 2 லட்சம், துணிக்கு 3 லட்சம் வேண்டும். பேங்கில் வீட்டுப் பட்டா கேட்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், 12,000 ரூபாய் கொடுத்தால் 35 சதவீத மானியத்தோடு முத்ரா லோன் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. முத்ரா என்பது சிறு தொழிலுக்கு வங்கி தரும் கடன், அதில் மானியமே கிடையாது. அவர் சொல்லும் 35 சதவீதம், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு உண்டு. ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். உங்கள் கூலி வேலையை எந்தக் கணக்கில் எடுப்பார்கள் என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரிலேயே கேளுங்கள். அதில் விண்ணப்பிப்பதாக இருந்தால், கடன் அனுமதி வரும் முன் மிஷினை வாங்கிவிடாதீர்கள். மானியமும் கைக்கு வராது. உங்கள் கடனுக்கு எதிராக 3 வருஷம் வங்கியிலேயே இருந்து, பிறகுதான் கழியும்.

பட்டா விஷயத்தில் தயங்காமல் பேசுங்கள். நீங்கள் கேட்கும் 5 லட்சம் போன்ற சிறு தொழில் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முத்ராவில் 50,000 முதல் 5 லட்சம் வரை 'கிஷோர்' பிரிவு. உங்கள் தேவை அதற்குள் அடங்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் கொண்டு போங்கள்.

நான் கவலைப்படுவது துணிக்காசைப் பற்றித்தான். மிஷினை வாங்கிப் போட்டுவிட்டு, துணி எடுக்கப் பணமில்லாமல் பழையபடி கூலிக்கே திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதம் 1 லட்சத்துக்குத் துணி எடுக்கிறீர்கள், கடைக்காரர் 60 நாள் கழித்துப் பணம் தருகிறார் என்று வையுங்கள். தைக்கும் நாளையும் சேர்த்தால், முதல் பில் வசூலாகும்போது உங்கள் பணம் 3 லட்சம் வெளியே நிற்கும். அந்த நேரத்தில்தான் 3 வட்டிக்கு வாங்கத் தோன்றும். 2 லட்சத்துக்கு 3 வட்டி என்றால் மாதம் 6,000. அசல் அப்படியே இருக்கும். அதே 2 லட்சம் வங்கியில் 11 சதவீதத்தில் 5 வருஷத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 4,350. அதோடு கடனே தீர்ந்துவிடும்.

அதனால் 5 லட்சத்தையும் ஒரே தவணைக் கடனாக வாங்காதீர்கள். மிஷினுக்கு 2 லட்சம் தவணைக் கடன். துணிக்கு 3 லட்சம் கேஷ் கிரெடிட் கேளுங்கள். அதில் எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. வசூலானதும் திரும்பக் கட்டிவிடலாம்.

வங்கிக்குப் போகும் முன், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். ஆதாரும் பானும் போதும், முழுக்க இலவசம். அந்த எண்ணை பில்லில் போடுங்கள். பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு, சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வியாபாரியிடம் விலை பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

குழுக்கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை ஏதும் பாக்கி இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள், வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்று அறிக்கையான சிபிலில் அது தெரியும். கூலியை இந்த மாதத்திலிருந்தே கையில் வாங்காமல் வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள். 6 வருஷ உழைப்பு உங்கள் பாஸ்புக்கில் ஒரு வரிகூட இல்லாவிட்டால், மேனேஜர் எதைப் பார்த்துக் கடன் தருவார்?