கை தூக்கிய பையன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மேலூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் மகனுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் ஊர் கபடி கிளப்பின் சின்னப் பசங்க டீமில் லெஃப்ட் கார்னர், அதாவது தடுக்கிற வரிசையின் இடது ஓரத்தில் நிற்பான். போன வாரம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் 45 கிலோ எடைக்குள் இருப்பவர்களுக்கான போட்டி. அரையிறுதி. நடுவர் முதல் பாதியிலேயே இரண்டு முறை எதிரணிக்குச் சாதகமாகச் சொன்னதால் நாங்கள் சிலர் கோட்டருகே நின்று கொஞ்சம் சத்தம் போட்டோம். எதிரணிப் பையன் பாடி வந்த கடைசி ரெய்டின்போது இரண்டு பக்கமும் சம பாயிண்ட். வந்த பையன் யாரையும் தொடாமல் திரும்பிவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நடுவரும் பாயிண்ட் இல்லை என்று சொல்லிவிட்டார். என் மகன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். கால்விரல் பட்டதாம். ஒரு பாயிண்டில் தோற்றோம்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் “அரிச்சந்திரன் பேரன் வந்துட்டான்டா” என்று கத்தினார். நான் எதுவும் சொல்லவில்லை. பைக்கில் வீடு வரும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாலு நாளாக அவன் கிரவுண்டுக்குப் போகவில்லை. இனிமேல் நடுவர் பார்த்துச் சொல்லட்டும், நீயாகச் சொல்லாதே என்று அவனிடம் சொல்லவா? இவ்வளவு நேர்மை பார்த்தால் விளையாட்டில் மேலே வர முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் மகன் செய்தது சரி. முதலில் அவனிடம் அதைச் சொல்லுங்கள். இன்னும் சொல்லவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. மேனேஜர் கத்தியதை அவன் ரெண்டு நாளில் மறந்திருப்பான். அந்த பைக் பயணத்தில் அப்பா முதுகைப் பார்த்துக்கொண்டு வந்ததைத்தான் மறந்திருக்க மாட்டான்.

ஆனால் அதை நேர்மை, தியாகம் என்று பெரிதாக்க வேண்டாம். கபடியில் பட்டால் கையைத் தூக்குவது ஆட்டத்தோடு வருகிற பழக்கம். ப்ரோ கபடியிலும் பட்டது தெரிந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவர்களைப் பார்க்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. டோ டச் என்பது ரெய்டரின் பெருவிரல் நுனி எதிராளியின் கணுக்காலை உரசிக்கொண்டு போவது. புழுதி பறக்கிற மைதானத்தில், ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில், ஏழு ஜோடிக் கால்களுக்கு நடுவே அது நடந்து முடிந்துவிடும். முப்பது விநாடிக்குள் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு திரும்பி ஓடுகிறவனுக்கே சில சமயம் பட்டதா இல்லையா என்று தெரியாது. நிச்சயமாகத் தெரிந்த ஆள் பட்டவன் ஒருவன்தான். அவன் சொல்லாவிட்டால் அந்த ஆட்டமே பாதி குருட்டாட்டம்.

இன்னொன்று, கபடியில் அவுட் ஆனவன் திரும்ப வரலாம். கூட்டாளி ஒருவன் பாயிண்ட் எடுத்தால் வெளியே உட்கார்ந்திருப்பவனுக்கு உயிர் வரும். கிரிக்கெட்டில் அந்த வசதி இல்லை. அதனாலேயோ என்னவோ, என் சிறு வயதுக் களவாணித்தனம் எல்லாம் கிரிக்கெட்டில்தான் நடந்தது.

எண்பதுகளில் மதுரை ஓபுளா படித்துறைக்குக் கீழே வைகை மணலில்தான் எங்கள் ஆட்டம். ஆற்றில் தண்ணீர் வருகிற நாட்கள் குறைவு, எங்களுக்கு அது சௌகரியம். பேட்டிங் டீமில் ஒருவன்தான் அம்பயர் என்பது வழக்கம். ஒருநாள் நான் அம்பயர். எங்கள் பேட்ஸ்மேனின் மட்டையில் பட்டு பந்து கீப்பர் கைக்குப் போனது. சத்தம் எனக்கும் கேட்டது. “நாட் அவுட்” என்றேன். பந்து போட்ட பையன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான், சண்டை போடவில்லை. ஜெயித்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. பந்து அவனுடையது. மூன்று வாரம் எங்களுக்கு ஆட்டமே கிடையாது.

பெரியவர்கள் இந்த விஷயத்தில் கிரிக்கெட் வீரர் குண்டப்பா விஸ்வநாத் கதையைச் சொல்வார்கள். 1980, பம்பாய் கோல்டன் ஜூபிலி டெஸ்ட். 58 ரன்னுக்கு 5 விக்கெட் என்று சரிந்த இங்கிலாந்தை போத்தமும் பாப் டெய்லரும் தூக்கிக்கொண்டிருந்தபோது டெய்லருக்கு கேட்ச் அவுட் கொடுத்தார் நடுவர். பந்து மட்டையில் படவில்லை என்று தோன்றியதால் இந்திய கேப்டன் விஸ்வநாத் அவரைத் திரும்ப ஆட அழைத்தார். அந்த ஜோடி 171 ரன் சேர்த்தது. இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. அந்த ஒரு காரியத்தால்தான் தோற்றோம் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. அதே டெஸ்டில் போத்தம் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்தது அவர்கள் ஞாபகத்தில் இருப்பதில்லை.

உங்கள் மேனேஜரிடம் கேட்க வேண்டியதும் இதுதான். அன்றைக்கு எத்தனை போனஸ் பாயிண்டை விட்டீர்கள்? பிடியில் சிக்கிய எத்தனை ரெய்டர்கள் நழுவினார்கள்? அதையெல்லாம் விட்டுவிட்டு கடைசிப் பாயிண்டை மட்டும் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் தலையில் கட்டுவது என்ன கணக்கு?

அவரை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. எடைக் கபடி எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 45 கிலோவுக்கு இறங்குவதற்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வயது வரம்பு வைத்த போட்டி என்றால் தம்பியின் ஆதார் நகலோடு அண்ணன் வருவான். இதையெல்லாம் பிள்ளைகளா யோசித்தார்கள்? கூட வருகிற நாம்தான்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் வேகமாகக் கடந்து போன ஒரு வரி. “கோட்டருகே நின்று கொஞ்சம் சத்தம் போட்டோம்.” கொஞ்சம் எவ்வளவு என்று எனக்கும் தெரியும். சின்னப் பசங்க ஆட்டத்துக்கு நடுவராக வருபவர் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர். பஸ் செலவுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வந்திருப்பார். அவர் அம்மாவை இழுத்துத் திட்டுவதைப் பிள்ளைகள் கோட்டுக்குள் நின்று கேட்கிறார்கள். 2023 ஆசிய விளையாட்டு கபடி இறுதியில் ஒரு ரெய்டுக்கு எத்தனை பாயிண்ட் என்று இந்தியாவும் ஈரானும் தகராறு செய்து கொஞ்ச நேரம் ஆட்டமே நின்றுபோனது. உங்கள் மகனும் அதை போனில் பார்த்திருப்பான். அது தூரத்து டிவி சண்டை என்று விட்டுவிடலாம். அப்பாவின் குரலை அப்படி விட முடியுமா?

நடுவர் தப்பாகச் சொன்னால் கேட்கக் கூடாது என்பதல்ல. கேட்பதற்கு கேப்டன் இருக்கிறான். ஒருமுறை கேட்பான், பதில் வந்ததும் திரும்பி நிற்பான். அதோடு முடிந்தது.

மேலே வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பட்டதைப் பட்டது என்று உணர்கிற கார்னருக்கு எதிராளி கால் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மற்றது எடை, உயரம், அதிர்ஷ்டம், யார் கண்ணில் படுகிறான் என்பது. அதில் நானோ நீங்களோ செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

மேனேஜரைத் தனியாகப் பாருங்கள். பசங்க முன்னால் வேண்டாம், அவர் செய்ததையே நாமும் செய்ததாகிவிடும். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும் திருத்தச் சொல்லுங்கள். பெரிய மன்னிப்பெல்லாம் வேண்டாம், “வாடா கார்னரு” என்று கூப்பிட்டு நிறுத்தினால் போதும். அவர் மறுத்தால் அந்தப் பக்கம் வேறு கிளப் இல்லாமலா போய்விடும்?

ஞாயிற்றுக்கிழமை நீங்களே பையனைக் கூட்டிப் போங்கள். இறக்கிவிட்டு கோட்டுப் பக்கம் நிற்காமல் டீக்கடைப் பெஞ்சில் போய் உட்காருங்கள். அந்த நடுவரை அங்கே கண்டால் அவருக்கும் ஒரு டீ சொல்லுங்கள்.