சாமியாடியும் ஷாமனும்: சுங்கை சிப்புட்டிலிருந்து சில பதில்கள்

பல காலம் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். இப்போது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு முனீஸ்வரன் கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். சாமியாட்டம், குறி, மண்ணோடு ஒட்டிய வழிபாடு இதெல்லாம் இந்தக் காலத்துக்கும் வேண்டுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): கோலாலம்பூரில் 'ஷாமன் பயணம்' என்று ஒரு வார இறுதிப் பயிற்சிக்குப் போனேன். ஷாமன் என்றால் ஆவிகளோடு பேசும் பழங்குடிப் பூசாரியாம். கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி ஒரே சீராக மேளம் அடித்தார்கள். மனசு லேசானது. நம் சாமியாடி செய்வதும் இதுதானா ஐயா?

பதில்: மனசு லேசானது நல்லதுதானம்மா, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இப்படிப்பட்ட பயிற்சிகள் பெரும்பாலும் மைக்கேல் ஹார்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் வகுத்த முறையில் நடப்பவை. அமேசான் காட்டு மக்களிடம் தங்கிப் படித்தவர் அவர். பல இனத்தாரின் சடங்குகளிலிருந்து பொதுவான உத்திகளை மட்டும் பிரித்தெடுத்தார். நிமிடத்துக்கு 200 அடிக்கு மேல் சீராக விழும் மேளம் அதில் முக்கியம். நம் உடுக்கையும் பம்பையும் செய்கிற வேலை கிட்டத்தட்ட அதுதான்.

ஆனால் அவர் கழித்துவிட்ட பகுதியில்தான் நம் வழிபாட்டின் உயிரே இருக்கிறது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், சாமியாடுகிற அம்மா நேற்றுவரை பக்கத்து நிரையில் ரப்பர் பால் வெட்டியவர். காப்புக் கட்டிய பிறகு ஒழுங்காக விரதம் இருந்தாரா என்பது ஊருக்கே தெரியும். சொன்ன வாக்கு பொய்த்தால் மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். சாமிக்கும் ஊரைத் தெரியும். "அண்ணனும் தம்பியும் எத்தனை வருசம்டா பேசாம இருப்பீங்க" என்று அதட்டினால், இருவரும் விபூதி வாங்கிக்கொண்டு பேசிவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன். கட்டணம் கட்டிப் பயிற்சி முடித்து வந்த பிறகு உங்களை அப்படி அதட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? அங்கே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடி மாதம் இங்கேயும் வந்து கூழ் ஊற்றுகிற இடத்தில் நில்லுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): என் மகளுக்கு 19 வயது. சில வாரமாகத் தூக்கமில்லை, யாரோ பேசுவது கேட்கிறதாம். செய்வினை என்கிறார்கள். அதை நீக்கும் கழிப்புச் சடங்குக்கு ஒருவர் 3,000 ரிங்கிட் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் கிளினிக் தங்கச்சி, நாளைக்குத் தள்ளாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். இல்லாத குரல் கேட்பது நோயின் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. சிகிச்சை தள்ளிப்போகப் போகத்தான் தேறி வருவது கடினமாகும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் கிளினிக்குக்கூட வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிள்ளையைக் கட்டிப்போட, சாட்டையால் அடிக்க, மிளகாய்ப் புகை போட யாரையும் விடாதீர்கள்.

சாமியை நம்புகிறவன் இப்படிப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றும். நம் பெரியவர்களே இதை யோசித்திருக்கிறார்கள். மகள் காதலால் வாடிப்போனது தெரியாமல், முருகன் பிடித்துவிட்டான் என்று தாய் முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துவது சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. குறுந்தொகையில் ஒரு தோழி அந்த வேலனிடம் கேட்கிறாள்: ஆட்டுக்குட்டியை அறுத்து இவள் நெற்றியைத் தடவிப் பலி கொடுக்கிறாயே, இவளை வாட்டிய மலைநாட்டானின் மாலை அணிந்த மார்பும் அந்தப் பலியை உண்ணுமா? அவள் முருகனைப் பழிக்கவில்லை. வந்த நோய் வேறு, நீ செய்கிற வைத்தியம் வேறு என்கிறாள். மருந்தறையில் நின்ற காலமெல்லாம் எனக்குத் துணையாக இருந்த பாட்டு அது.

நான் அறிந்த நல்ல சாமியாடிகள் வெற்றிலை பாக்கும் மனமுவந்து வைக்கும் காணிக்கையும்தான் வாங்குவார்கள். முதலிலேயே தொகை பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மகள் தேறி, தூக்கம் சரியான பிறகு கோயிலுக்குக் கூட்டிவாருங்கள், எல்லோரும் சேர்ந்து வேண்டுவோம். அதுவரை பம்பைச் சத்தம், விரதம், இரவு விழிப்பு எதுவும் வேண்டாம். அவை நோயைக் கூட்டும். மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், நான் சொன்னாலும்கூட.

கேள்வி: ஒவ்வொரு திருவிழாவிலும் என் அம்மா அருள் வந்து ஆடுகிறார். அது மனநோய் என்கிறார் என் கணவர்.

பதில்: 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலைக் காட்டுங்கள். ஆவேச நிலையை நோய் என்று சொல்ல, அது விரும்பாமல் வந்து வாழ்க்கையைக் குலைக்க வேண்டும். ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சடங்கின் பகுதியாக வருவதை அந்தப் பட்டியலே நோயில் சேர்க்கவில்லை. திருவிழா முடிந்து அம்மா வழக்கம்போல வேலை பார்க்கிறார் என்றால் கவலை வேண்டாம்.

கேள்வி: பாம்புக்கடிக்கு மந்திரிக்கலாமா?

பதில்: கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு. கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம்.

கேள்வி (ஆசிரியர்): நம் பக்கத்துப் பிளுஸ் ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் தெமியார் பழங்குடி மக்களுக்கும் இப்படி ஒரு வழிபாடு உண்டாமே?

பதில்: உண்டு, அதை நாம் மரியாதையோடு அறிந்துகொள்ள வேண்டும். மரம், ஆறு, மலை இவற்றின் ஆவி ஒருவர் கனவில் வந்து பாட்டுக் கொடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நோய் தீர்க்கும் இரவில் அவர் ஒரு வரி பாட, பெண்கள் மூங்கில் குழல்களைத் தரையில் இடித்துக்கொண்டே திருப்பிப் பாடுவார்கள். செவாங் என்பார்கள். பாட்டு எந்த மலையில் பிறந்தது என்பது அவர்களுக்கு மறக்காது. அந்த மலையில் மரம் வெட்டினால் அவர்களுக்கு எது போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அழைத்தால் போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காட்டுரிமைக்காக அவர்கள் குரல் கொடுக்கும்போது பக்கத்து ஊர்க்காரர்களாக நாமும் கூட நிற்க வேண்டும்.

கேள்வி: நான் பினாங்கில் தொழிற்சாலை ஊழியன். அடுக்குமாடி வீடு. எனக்கும் மண்ணுக்கும் தொடர்பே இல்லை. இதெல்லாம் எனக்கு எதற்கு?

பதில்: நீங்கள் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது தம்பி. அந்த ஆறு கெடாவில் ஊலு மூடா காட்டில் பிறக்கிறது. அந்தக் காட்டில் மரம் வெட்டுவது பற்றிப் பல ஆண்டுகளாகச் சர்ச்சை நடக்கிறது. உங்கள் எல்லை அதுதான். முனீஸ்வரனை எல்லையில் வைத்துக் கும்பிட்ட பரம்பரை நாம். முடிந்தால் ஒருமுறை அங்கே போய் ஒரு சூடம் ஏற்றுங்கள். அப்புறம் அந்தக் காட்டைப் பற்றிய செய்திகளைத் தவறாமல் படியுங்கள்.

கேள்வி (இளைஞர் மன்றத்தினர்): எங்கள் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்படப் போகிறதாம். சாமி மரமும் கோயிலும் என்ன ஆகும்?

பதில்: எனக்கு நெஞ்சு அடைக்கிற கேள்வி இது. அந்த மண்ணைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் பெயரில் ஓரடி நிலம் இல்லை. பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற துண்டாடல் காலத்தில் இந்தத் தவிப்பைக் கண்டுதான் நம் ஊர் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர்களே தோட்டம் வாங்கட்டும் என்று. கோயிலுக்கும் அதே வழிதான்: பட்டா வேண்டும்.

விற்பனை முடியும் முன்பே பேசப் போங்கள், முடிந்த பிறகு பேச்சு பலிக்காது. கோயில் குழு சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருக்கிறதா பாருங்கள். மாற்று நிலம் தருகிறோம் என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், கோயில் பெயரில் எழுத்தில் கேளுங்கள். கட்டடத்தை வேறு இடத்தில் கட்டலாம், மரத்தை நகர்த்த முடியாது. அதனால் மரம் நிற்கும் இடத்தைத் திட்ட வரைபடத்தில் பொதுத் திடலாக விடும்படி தனியாக மனுக் கொடுங்கள். பழைய திருவிழா அழைப்பிதழ், படங்கள், மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் நகலெடுத்து மாவட்ட நில அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். சாமியாடுகிற பாட்டியையும் முன்னால் உட்காரவைத்து அழைத்துச் செல்லுங்கள். அந்த மரத்தின் கதை முழுதும் அவருக்குத்தான் தெரியும்.