விமானப் பெயின்டர் வேலைக்கு 1.8 லட்சம் கட்டலாமா?

கேள்வி: மகன் ஐ.டி.ஐ.யில் பெயின்டர் டிரேடு முடித்துவிட்டு கார் பட்டறையில் ஸ்ப்ரே அடிக்கிறான். விமானத்துக்குப் பெயின்ட் அடிக்க 3 மாதக் கோர்ஸ், டிஜிசிஏ சான்றிதழ், துபாயில் வேலை என்று சொல்லி ஓர் ஏஜென்ட் 1.8 லட்சம் கேட்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டலாமா ஐயா? – ஒரு தந்தை, கிருஷ்ணகிரி

பதில்: கட்டாதீர்கள். டிஜிசிஏ என்பது மத்திய அரசின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. விமானப் பெயின்டருக்கென்று அது எந்தச் சான்றிதழும் தருவதில்லை. அது லைசென்ஸ் கொடுப்பது பராமரிப்புப் பொறியாளருக்கு, அதாவது ஏ.எம்.இ.க்கு. பெயின்டர்கள் அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்துக்குள் பழகி வேலை செய்வார்கள். முடிந்த வேலைக்குக் கையெழுத்துப் போடுவது ஏ.எம்.இ. எங்கோ ஒரு கல்லூரியின் ஏ.எம்.இ. படிப்புக்குக் கிடைத்த அங்கீகாரத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் இவர்கள் ஊர் ஊராக வசூல் செய்கிறார்கள்.

வேலை நல்ல வேலை, அதில் சந்தேகம் வேண்டாம். விமானத்துக்குப் பெயின்ட் அழகுக்கு மட்டும் அடிப்பதில்லை. அலுமினியம் அரிக்காமல் காப்பது அதுதான். வெள்ளை அதிகமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: வெயிலை உள்ளே வாங்காது, விரிசலும் எண்ணெய்க் கசிவும் பளிச்சென்று தெரியும். போயிங் 747 அளவு விமானத்தில் பெயின்ட் மட்டுமே சுமார் 250 கிலோ. அந்த எடையைப் பறக்கும் காலமெல்லாம் சுமக்க வேண்டும். அதனால் காருக்குப் போல இஷ்டத்துக்குப் பட்டி இழுத்து மேடுபள்ளத்தை மறைக்க வழியில்லை. வால் சுக்கானுக்கு மறுபடி பெயின்ட் அடித்தால் அதன் எடைச் சமநிலையையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

பாதி உழைப்புக்கு மேல் சுரண்டுவதிலும் தேய்ப்பதிலும் மறைப்பதிலும் போய்விடும். மறைப்பது என்றால் பெயின்ட் படக் கூடாத இடத்தை மூடுவது; சும்மா டேப் ஒட்டுவது என்று நினைக்காதீர்கள். மூக்குப் பக்கம், உடம்பின் இரு புறமும், குண்டூசி நுழையும் அளவில் சில துளைகள் இருக்கும். விமானி உயரத்தையும் வேகத்தையும் அறிவது அவற்றின் வழியே வரும் காற்றழுத்தத்தால். 1996 அக்டோபர் 2 அன்று பெருவின் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு போயிங் 757, கழுவித் துடைத்தபோது அந்தத் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்காததால் இரவில் கடலில் விழுந்தது. 70 பேரும் இறந்தார்கள். நான் பழக்கும் பையன்களிடம் முதல் நாளே ஒட்டிய டேப்பை எண்ணச் சொல்வேன், உரித்ததையும் எண்ணச் சொல்வேன். மூன்று மாதக் கோர்ஸ் விற்கிறவர்களுக்கு இந்தத் துளை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவர்கள் அனுப்பும் வீடியோவில் பையன் மூக்கில் கைக்குட்டை கட்டியிருக்கிறானா, பாருங்கள். விமானத்துக்கு முதலில் அடிக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) பலவற்றில் புற்றுநோய் தரும் குரோமேட் உண்டு. வெளிக்காற்றை வரவழைக்கும் முகக்கவசம் இல்லாத இடத்தில் உங்கள் பிள்ளை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.

இனி துபாய். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். பத்தாவது பாஸ் ஆனவருக்குக் குடியகல்வு அனுமதி, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் அனுமதி, தேவையில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, "உங்க பையன் பத்தாவது பாஸ், அதனால எங்களுக்குப் பதிவு வேணாம்" என்பார்கள். நன்றாகக் கேளுங்கள்: அந்த விலக்கு பையனுக்கு. ஏஜென்ட்டுக்கு இல்லை. பையன் டிகிரி முடித்திருந்தாலும் ஏஜென்ட்டுக்குப் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். இந்த விவரத்தை ஒரு பக்கத் தமிழ் நோட்டீஸாக ஒவ்வொரு ஐ.டி.ஐ. வாசலிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்? வருடக்கணக்கில் சொல்லிப் பார்த்துவிட்டேன்; ஏமாந்தவர்கள் காவல் நிலையத்துக்கு அலைந்த பிறகுதான் அதிகாரிகள் அசைகிறார்கள்.

உங்களுக்குப் பக்கத்தில் ஓசூரிலேயே விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கும் ஹேங்கர் (விமானக் கொட்டகை) இருக்கிறது. மகனை ஐ.டி.ஐ. சான்றிதழோடு அங்கே நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் அப்ரன்டிஸ்ஷிப் இணையதளத்திலும் பதிந்து வைக்கட்டும். அப்ரன்டிஸ் பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம். அவர்கள்தான் உங்கள் மகனுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுப்பார்கள்.