பிடோக் ஜெட்டிக்கு ஒரு கோல்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் பிடோக் ஜெட்டியில் இரவு முழுவதும் திருக்கைக்காகக் காத்திருந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகே நான் பிடோக்குக்குத் தூண்டிலோடு போகத் தொடங்கினேன். ஓராண்டில் இரண்டு கோல்கள் முறிந்துவிட்டன. இரண்டும் மீனை மேலே தூக்கும்போது நுனியருகே முறிந்தவை. மலிவான கோல்களும் அல்ல. கடைக்கோலை இனி நம்ப முடியாது என்று தோன்றுகிறது. பிளாங்க் (எதுவும் பொருத்தாத வெறுங்கோல்), தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள், அவற்றைக் கோலில் கட்டும் நூல் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி நானே ஒன்றைச் செய்துகொள்ளலாமா? செலவு குறையுமா? காணொளிகளில் எல்லோரும் முதலில் ‘ஸ்பைன்’ கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது புரியவில்லை. என்னிடம் இருப்பது, கோலின் அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீல் (நரம்பு சுற்றும் சுருளி). வீவக அடுக்குமாடி வீட்டில் ஒரு மேசைதான் என் பட்டறை. நான் உயரம் குறைந்தவன். ஒன்பது அடிக் கோலின் அடிப்பகுதி எப்போதும் என் அக்குளில் இடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். கோலைச் சொந்தமாகச் செய்துகொள்வதற்கு நீங்கள் சொல்லும் மற்ற காரணங்கள் எவையும் நிற்கமாட்டா. அக்குளில் இடிக்கிறது என்ற அந்த ஒரு காரணம் நிற்கும்.

முறிந்த கோல்களின் கதையை முதலில் முடித்துவிடுவோம். நீரில் இருக்கும்வரை மீனின் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்குகிறது. மூன்று கிலோ திருக்கை நீரைவிட்டு வெளியே வந்த நொடியில் அந்த மூன்று கிலோவும் கோலின் மேல் வந்து விழுகிறது. நாமோ தடுப்போரம் நின்றுகொண்டு, மீன் நேர்கீழே தொங்க, கோலைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்குகிறோம். அப்படி நிமிர்த்தும்போது பருத்த அடிப்பகுதி வளைவதே இல்லை. அது ஏற்க வேண்டிய பாரம் முழுவதும் மெல்லிய நுனிப்பகுதியின் ஒரு சாண் நீளத்தில் குவிகிறது. கார்பன் குழாய் ஓர் அளவுக்கு மேல் சுருண்டு வளைந்தால் எந்த முன்னறிவிப்பும் இன்றி முறியும். நான் செய்து தரும் கோலும் அப்படித்தான் முறியும். ஆகவே வெறுங்கோல் வாங்குவதற்கு முன்னால், கயிற்றில் கட்டிக் கீழே இறக்கும் வளைய வலை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய மீனை அதில் ஏற்றித் தூக்குங்கள்.

செலவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: குறையாது. தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் வாங்கும் பொருள்களை நீங்கள் ஒற்றை ஒற்றையாக வாங்குவீர்கள். அதன்பின் பசை, மெருகு, தூரிகை என்று சில்லறைச் செலவுகள் தொடரும்.

பிறகு எதற்காகச் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். கடைக்கோல் யாரோ ஒரு சராசரி மனிதனின் கைக்காக, ஏதோ ஒரு பொதுவான கரைக்காகச் செய்யப்பட்டது. உங்கள் கை உங்களுடையது. கரையோ, பழைய இரும்பு வணிகத்துக்காக 1966இல் கட்டப்பட்டுக் கடலுக்குள் ஏறத்தாழ 250 மீட்டர் நீண்டிருக்கும் அந்த ஜெட்டி. ஆழம் காலடியிலேயே இருப்பதால் அங்கே நூறு மீட்டர் தொலைவுக்கு வீச வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. பின்னால் குழந்தைகளும் மிதிவண்டிகளும் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் தலைக்கு மேலே கோலைச் சுழற்றி வீசுவது ஆபத்தும்கூட. கீழ்க்கையாகச் சில பத்து மீட்டர் போட்டு, ஈயக்குண்டை நீரோட்டம் உருட்டிவிடாமல் நிறுத்தி, மீன் இழுக்கும்போது ஜெட்டித் தூண்களிலிருந்து அதை விலக்கி வைப்பதுதான் அங்கே கோலின் வேலை. இந்த வேலைக்கு ஒன்பது அடி தேவையில்லை. உங்கள் உயரத்துக்கு ஏழரை அடி, மிஞ்சினால் எட்டு அடி போதும். நுனி மெதுவாக வளைந்து கடியைக் காட்ட வேண்டும். நடுவிலிருந்து அடிவரை உரம் இருக்க வேண்டும். முழுக் கார்பனைவிடக் கண்ணாடியிழை கலந்த வெறுங்கோலை நான் பரிந்துரைப்பேன். சற்றுக் கனம்தான், ஆனால் சிமெண்டுத் தடுப்பில் நாள்தோறும் மோதுவதை அது பொறுத்துக்கொள்ளும். பேருந்திலும் மின்தூக்கியிலும் கொண்டுபோக வேண்டியிருப்பதால் இரண்டு துண்டாக இருப்பதை வாங்குங்கள். ஒரு துண்டு மற்றொன்றினுள் செருகும் வாய்ப்பகுதியில், அங்கே வளையம் எதுவும் வராவிட்டாலும், கட்டாயம் நூல் சுற்ற வேண்டும். சுற்றாத வாய் பாரத்தில் நெடுக்காகப் பிளந்துபோகும்.

இனி அக்குள். வெறுங்கோலைக் கையில் எடுத்து, ரீலை அதில் தற்காலிகமாக நாடாவால் கட்டி, மீனோடு போராடும் நிலையில் நில்லுங்கள். அடிமுனையை இடுப்பில் ஊன்றியும் பாருங்கள், முன்னங்கைக்கு அடியில் வைத்தும் பாருங்கள். ரீலின் காலிலிருந்து அடிமுனைவரை உங்களுக்கு இடைஞ்சல் இல்லாத நீளம் எது என்று அரைமணி நேரம் இப்படி நகர்த்தி நகர்த்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் உங்களுக்குத் தர முடியாதது இந்த ஒரு கோடுதான். கைப்பிடிக்குத் தக்கை அழகாக இருக்கும். ஜெட்டித் தடுப்பு அதை ஒரே பருவத்தில் பிய்த்துவிடும். அடியில் சூட்டில் சுருங்கும் உறை, ரீலுக்கு மேலே சிறிது ஈ.வி.ஏ. நுரை என்பது என் வழக்கம். ரீலைக் கோலில் பொருத்தும் பிடியான ரீல் சீட்டின் உள்விட்டம் கோலின் பருமனைவிடப் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியைக் காகித நாடாவை வளையம் வளையமாகச் சுற்றி நிரப்பி, வளையங்களுக்கு இடையே எபாக்சி பசை கோலையும் சீட்டையும் நேரடியாகப் பற்றும்படி இடம் விடுங்கள். முழு நீளமும் நாடாவாக இருந்தால் பசை நாடாவைத்தான் பிடிக்கும். ஓராண்டில் ரீல் தானாகச் சுழலத் தொடங்கும்.

ஸ்பைன் பற்றி இவ்வளவு கூச்சல் ஏன் என்று எனக்கும் புரிவதில்லை. வெறுங்கோல் என்பது பிசின் ஊறிய இழைத்துணியை எஃகுக் கம்பியின் மேல் சுற்றி, நாடாவால் இறுக்கி, அடுப்பில் வேகவைத்து, பிறகு கம்பியை உருவியெடுத்த குழாய். துணியின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். அடிமுனையைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையால் தாங்கி, நடுவே அழுத்தி உருட்டினால் அது ஒரு நிலையில் துள்ளி நிற்பதை உணரலாம். அவர்கள் ஸ்பைன் என்பது அதைத்தான். அதைத் தவறாக வைத்தால் கோல் கையில் முறுக்கிக்கொள்ளும் என்பார்கள். முறுக்குவதற்குக் காரணம் வேறு. வளையங்கள் கோலின் மேற்புறம் இருந்தால், இழுக்கும் நரம்பு அவற்றைக் கீழே புரட்டப் பார்க்கும். உங்களுடையதுபோல ஸ்பின்னிங் ரீலுக்கு வளையங்கள் அடிப்புறம் தொங்குவதால் அவை ஏற்கெனவே விழ வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. ஆகவே ஸ்பைனை மறந்துவிட்டு, கோலின் நீளத்தில் கண்ணை ஓட்டிப் பார்த்து, அது எந்தப் பக்கம் நேராகத் தெரிகிறதோ அந்தக் கோட்டில் வளையங்களை வையுங்கள்.

கடைக்கோல்களில் மிச்சம் பிடிக்கப்படுவது வளையங்களின் எண்ணிக்கையில்தான் என்பது என் எண்ணம். இரண்டு வளையங்களுக்கு இடையே கோல் வளைகிறது, நரம்பு வளைவதில்லை. வளையங்கள் குறைந்தால் நரம்பு வளைவைக் குறுக்கே வெட்டிச் சென்று, ஒவ்வொரு வளையத்திலும் கூர்மையாகத் திரும்பி, அந்த இடத்தில் கோலை நெருக்கும். அடிக்கு ஒன்று, நுனிக்குத் தனியாக ஒன்று என்பது பழைய கணக்கு. கணக்கை நம்புவதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல். வளையங்களை ரப்பர் பட்டையால் கோலில் கட்டி, நரம்பை ஓட்டி, உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துத் தூணில் நுனியைக் கட்டி, கோலை வளைத்துப் பாருங்கள். நரம்பு கோலின் வளைவை ஒட்டிப் போகும்வரை வளையங்களை நகர்த்துங்கள். ரீலுக்கு அடுத்த முதல் வளையம் பெரியதாக, 30 அல்லது 40 அளவு எண்ணாக இருக்கட்டும். சுருள்சுருளாக வரும் நரம்பை அது படிப்படியாக ஒடுக்க வேண்டும். பின்னல் நரம்பு போடுபவரானால் பீங்கான் உள்வளையம் உள்ளதையே வாங்குங்கள். அதில் விரிசல் விழுந்ததா என்று பார்க்கக் காதுகுடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே சுழற்றினால் போதும். பஞ்சு சிக்கினால் நரம்பும் சிக்கும்.

நூல் சுற்றுவதற்கு முன்னால் வளையத்தின் பாதத்தை அரத்தால் தேய்த்துக் கத்திமுனைபோல மெலிதாக்குங்கள்; இல்லாவிட்டால் நூல் அந்தப் படியில் ஏற மறுத்து இடைவெளி விடும். நூலுக்கு இறுக்கம் தரக் கருவி வேண்டியதில்லை: நூற்கண்டை ஒரு கோப்பையில் போட்டு, நூலைத் தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே இழுத்துவிடலாம். என் வீட்டில் அந்தப் பணியைச் செய்தது ஒரு பழைய தமிழகராதி. அந்த ஆண்டில் நான் அதை வேறு எதற்கும் திறந்ததாக நினைவில்லை.

சுற்றிய நூலின் மேல் எபாக்சி மெருகு பூசுவதில்தான் என் முதல் கோல் கெட்டது. எபாக்சியின் இரண்டு பகுதிகளையும் சரிசமமாகக் கலக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தும், சொட்டுக் கணக்கில் கலந்தேன். மூன்று நாள் கழித்தும் அது ஒட்டியது. தூசியும் ஒரு கொசுவும் அதில் நிலைத்துவிட்டன. பகுதிக்கு ஓர் ஊசிக்குழாய் என்று தனித்தனியே வைத்து, மூன்று மில்லிலிட்டருக்குக் குறையாமல் எடுங்கள்; அளவு சிறுத்தால் பிழை பெருகும். நம் ஊரின் ஈரக்காற்றில், அதிலும் நவம்பர், டிசம்பர் மழையில், மெருகு மங்கி வெண்படலம் பிடிக்கும். அறையைச் சாத்தி, குளிர்சாதனத்தை 26 பாகையில் ஓடவிட்டு, காற்று உலர்ந்த பிறகு பூசுங்கள். அதற்கும் கீழே குளிரவைத்தால் பிசின் தடித்துக் குமிழிகளைச் சிறைபிடிக்கும். பூசிய பின் வழியாமல் இருக்கக் கோல் சில மணி நேரம் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு மோட்டார் இதற்குப் போதும்.

நூலில் பூவேலையும் உங்கள் பெயரும் இரண்டாவது கோலுக்கு இருக்கட்டும். உண்மையில், இந்தக் கோலுக்கு முன்னால் நீங்கள் முறித்து வைத்திருக்கும் இரண்டில் ஒன்றின் வளையங்களைக் கழற்றி, அதே வளையங்களை மறுபடி சுற்றிப் பழகுங்கள், கெட்டுப்போனால் இழப்பில்லை. நுனி வளையத்தை மட்டும் எந்தக் கோலிலும் எபாக்சியால் ஒட்டாதீர்கள். சூட்டில் உருகும் பசைக்குச்சியால் ஒட்டினால், அது உடைந்த இரவில் ஜெட்டியிலேயே லைட்டரால் குழலைச் சற்றுச் சூடுபடுத்திக் கழற்றி, பையிலிருக்கும் இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்.