அட்டையில் 8கே, 8ஜிபி: டிவி பாக்ஸ் வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஓர் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் வாங்க வேண்டும். அவர்களிடம் இருப்பது பத்து வருடப் பழைய ஃபுல் எச்டி டிவி. டிவி2 தமிழ்ச் செய்தி, யூடியூப், நெட்ஃபிளிக்ஸில் தமிழ்ப் படம், இவ்வளவுதான் பார்ப்பார்கள். கடையில் 180 ரிங்கிட்டுக்கு ஒன்று காட்டினார்கள். ‘8கே, 8ஜிபி ரேம், 128ஜிபி, ஆண்ட்ராய்டு 14’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. பக்கத்தில் சற்றுக் கூடுதல் விலையில் இருந்த பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் 2ஜிபி ரேம், 8ஜிபி சேமிப்பிடம்தான். முதலாவதை எடுப்பதுதானே லாபம்? கடையிலேயே எப்படிச் சோதிப்பது?

பதில்: வேண்டாம், 2ஜிபி பெட்டியையே எடுங்கள்.

அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் அநேகமாக ஆல்வின்னர் எச்313, எச்616, எச்618 அல்லது ராக்சிப்பின் பழைய வகை ஏதாவது இருக்கும். எச்616 தாங்கக்கூடிய ரேமே அதிகபட்சம் 4ஜிபி. அந்தச் சிப்பைச் சொல்லி 8ஜிபி என்று அச்சடித்திருந்தால், அதற்கு மேல் எதையும் பார்க்கத் தேவையில்லை. 6கே, 8கே என்பதும் இப்படித்தான். எச்616 ஒரு 6கே வீடியோவைப் பிரித்துப் படிக்கும். ஆனால் டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வழியாக வெளியே வருவது 4கே மட்டுமே. உங்கள் அப்பா பார்க்கப்போவதோ 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில்.

ரேம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், படம் பார்க்க 2ஜிபி போதும். கூகுள் 2020இல் கொண்டுவந்த, டிவியில் மாட்டும் 4கே குரோம்காஸ்ட் கருவியிலேயே 2ஜிபி ரேமும் 8ஜிபி சேமிப்பிடமும்தான் இருந்தன. 8ஜிபியில் ஏறக்குறைய பாதிதான் நமக்குக் கிடைக்கும் என்பது உண்மை. தேவையான நான்கைந்து செயலிகளை மட்டும் வைத்துக்கொண்டால் உங்கள் பெற்றோருக்கு அது ஒரு குறையாகத் தெரியாது.

வீடியோ தடங்கலில்லாமல் ஓடுவதைத் தீர்மானிப்பது ரேம் அல்ல, அந்த வீடியோவின் சுருக்க முறையைச் சிப் தானாகவே விரிக்கிறதா என்பதுதான். எச்.264, எச்.265, விபி9 என்ற மூன்று முறைகளும் இன்று மலிவான சிப்களிலும் உண்டு. ஏவி1 என்ற புதிய முறைதான் வேறுபாடு. யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் அதை அதிகமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. ஆம்லாஜிக் எஸ்905எக்ஸ்4 என்ற சிப் அதை விரிக்கும். முந்தைய எஸ்905எக்ஸ்3க்கும் எச்616க்கும் அந்தத் திறன் இல்லை. நாலைந்து வருடம் உழைக்க வேண்டிய பெட்டி என்றால் ஏவி1 உள்ளதாகவே பாருங்கள்.

இப்போது கடைச் சோதனைக்கு வருகிறேன். பெட்டியை டிவியில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லோயாட் பிளாசா போன்ற மின்னணுக் கடைத்தொகுதிகளில் இதைக் கேட்பது ஒன்றும் புதிதல்ல. ‘அமைப்புகள்’ பகுதிக்குள் போய் 8ஜிபி என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள். அந்தத் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதைப் பெட்டியைத் தயாரித்தவர்களே மாற்றி எழுதிவிடுகிறார்கள். சிபியு-இசட் அல்லது ஐடா64 செயலியை அங்கேயே நிறுவி இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒன்று, சிப்பின் மைய வகை. கோர்டெக்ஸ் ஏ7 என்று வந்தால் அது மிகப் பழைய 32 பிட் சரக்கு, ஏ53 சுமார், ஏ55 நல்லது. இன்னொன்று, ஆண்ட்ராய்டு பதிப்பைக் காட்டிக்கொடுக்கும் ஏபிஐ எண். ஆண்ட்ராய்டு 14க்கு 34, 10க்கு 29, 7.1க்கு 25. முகப்பில் 14 என்று எழுதிவிட்டு இந்த எண்ணை மாற்றாமல் விட்டிருப்பது அடிக்கடி பார்க்கும் விஷயம்.

பிறகு ரிமோட்டைக் கையில் எடுங்கள். அதில் மௌஸ் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்து, அதை அமுக்கினால் திரையில் அம்புக்குறி ஊர்ந்தால், உள்ளே இருப்பது கைப்பேசிக்கான ஆண்ட்ராய்டு, டிவிக்கானது அல்ல. அந்த அம்புக்குறியை இழுத்து இழுத்து ஒரு வீடியோவைத் திறப்பது வயதானவர்களுக்குப் பெரும் பாடு. அதைவிடப் பெரிய இழப்பு நெட்ஃபிளிக்ஸில் தெரியும். வைட்வைன் என்னும் பாதுகாப்பு முறையில் எல்1 தகுதியும், நெட்ஃபிளிக்ஸின் தனி அனுமதியும் பெற்ற பெட்டிக்குத்தான் எச்டி படம் வரும். எல்3 மட்டும் உள்ள பெட்டிக்கு 480 வரிகளில்தான் அனுப்புவார்கள், நீங்கள் எவ்வளவு உயர்ந்த சந்தா கட்டினாலும் சரி. டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலி இது எல்1ஆ எல்3ஆ என்று ஒரு நொடியில் காட்டிவிடும். பிளே ஸ்டோரின் அமைப்புகளில் ‘சான்றளிக்கப்பட்ட சாதனம்’ என்று வருகிறதா என்பதையும் கூடவே பாருங்கள்.

கடைசியாக யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்ற விவரப் பட்டியலைத் திறங்கள். சுருக்க முறை என்ற இடத்தில் ‘ஏவி01’ அல்லது ‘விபி09’ என்று இருக்கும். அருகிலேயே விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஓடும். அது பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் நல்லது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டே போனால் சிப் திணறுகிறது. முதல் இரண்டு நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு ஏறினால், சூடுதான் காரணம். நம் ஊர் வெக்கையில், ஏர்கோன் இல்லாத கூடத்தில், டிவி மேசையின் மூடிய தட்டுக்குள் வைத்த பெட்டி சீக்கிரம் கொதித்துவிடும். சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், படம் தடுமாறும். முடிந்தால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உள்ளே வெப்பத்தகடு பேருக்குத்தான் இருக்கிறது.

128ஜிபி உண்மையா என்பதைக் கடையில் பார்க்க நேரம் போதாது. 20ஜிபி அளவுக்கு வீடியோக்களை யூஎஸ்பியிலிருந்து பெட்டிக்குள் நகலெடுத்து, கடைசியாக ஏறியதை முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும். 8ஜிபி சிப்பை 128 என்று காட்டும் பெட்டியில், ஏறியதாகத் தெரியும் கோப்பே திறக்காது.

மலிவுப் பெட்டியை நான் இவ்வளவு திட்டவட்டமாக வேண்டாம் என்பதற்குப் படத்தின் தரம் மட்டும் காரணமில்லை. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற ரஷ்யப் பாதுகாப்பு நிறுவனம், வோ1டி என்ற நச்சுநிரல் 197 நாடுகளில் ஏறக்குறைய 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் புகுந்திருப்பதாக அறிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருந்தது. அந்தப் பெட்டிகளில் ஒன்று தன்னை ‘ஆண்ட்ராய்டு 10.1’ என்று சொல்லிக்கொண்டது. கூகுள் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே கிடையாது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயும் பேட்பாக்ஸ் 2.0 என்ற இன்னொரு நச்சுநிரல் பற்றி எச்சரித்தது. சில பெட்டிகள் ஆலையிலிருந்து வரும்போதே நச்சுநிரலோடு வருகின்றன. அப்பாவின் கைப்பேசியில் வங்கிச் செயலி இருக்கும், அதே வைஃபையில் இந்தப் பெட்டியும் இருக்கும். இதை யோசித்துப் பாருங்கள். ‘எல்லாச் சேனலும் இலவசம், ஆயுள் சந்தா’ என்று முன்கூட்டியே செயலி ஏற்றித் தருகிறவர்களிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. திருட்டு ஒளிபரப்புக்கான பெட்டியை விற்பது 2022 மார்ச் 18 முதல் நம் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். 10,000 முதல் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை. வைஃபை உள்ள எந்தப் பெட்டியிலும் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சிரிம் முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாததைத் தொடவே வேண்டாம்.

பெற்றோர் தமிழ்ச் செய்தி பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக ஒன்று சொல்ல வேண்டும், கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. நம் நாட்டுத் தொலைக்காட்சி 50 ஹெர்ட்ஸில் ஒளிபரப்பாகிறது. பெட்டிகளோ பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் அமைத்து வருகின்றன. நொடிக்கு 50 படங்களை 60ஆக நீட்ட, ஒவ்வோர் ஐந்து படத்திலும் ஒன்றை இருமுறை காட்ட வேண்டியிருக்கும். திரையின் அடியில் ஓடும் செய்தி வரி லேசாக உதறி உதறி நகர்வது இதனால்தான், இணையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. காட்சி அமைப்பில் 1080பி 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரி வழுக்கிக்கொண்டு ஓடும். வீடியோவுக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும் வசதி உள்ள பெட்டி என்றால் இன்னும் நல்லது, நொடிக்கு 24 படங்களாக ஓடும் திரைப்படத்துக்கும் அது உதவும்.

வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் கட்டாயம் இருக்க வேண்டும். அடுக்குமாடியில் எல்லா வீட்டு ரௌட்டர்களும் 2.4இல் மோதிக்கொள்ளும். வயர் போட முடிந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. 4கேக்கே நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான் என்பதால் வயர் செருக 100 எம்பிபிஎஸ் துளை தாராளம்.

அடாப்டர் அந்தப் பெட்டி கேட்கும் வோல்ட், ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும், மூன்று கால் பிளக்கோடு. இரண்டு கால் பிளக்கைக் கொடுத்துவிட்டு, மேல் துளையில் பேனாவை விட்டுச் செருகிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்தப் பழக்கமே கூடாது.

எதை வாங்கினாலும் ரசீதில் சிப், ரேம், சேமிப்பிடம், ஆண்ட்ராய்டு பதிப்பு நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். எழுதிக் கொடுத்தது வீட்டில் பொய்யென்று தெரிந்து, பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் புகார் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை.