வங்கி கிளார்க் வேலையா, அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் வேலையா: சம்பளமும் எதிர்காலமும் எதில் மேல்?

பி.எட். முடித்துவிட்டு, வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வதைக் கேட்டுக் குழம்பிப்போய்த்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

முதலில் சம்பளத்தை முடித்துவிடுகிறேன். தமிழக அரசின் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். பொதுத்துறை வங்கி கிளார்க்குக்கு 24,050. வித்தியாசம் இதோடு நிற்கவில்லை. ஆசிரியரின் ஊதிய விகிதம் 2016-ஐ வைத்துப் போட்டது. அதனால் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் அகவிலைப்படியே அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நான் வங்கி கிளார்க்; எங்களுடையது 2022 நவம்பரிலிருந்து கணக்கு; அந்த அளவுக்கு இன்னும் ஏறவில்லை. என் நாத்தனார் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. அவருடைய சம்பளச் சீட்டையும் என்னுடையதையும் ஒரு பொங்கலன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அப்படியானால் நீ ஏன் ஆசிரியை ஆகவில்லை என்பீர்கள். 2013 ஆகஸ்டில் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 97 வாங்கித் தேறினேன். தெருவுக்கே லட்டு கொடுத்தார் அப்பா. அடுத்த ஆண்டு நியமனம் வெயிட்டேஜ் முறையில் நடந்தது; தகுதித் தேர்வோடு பழைய மதிப்பெண்களையும் சேர்த்துத் தரவரிசை போட்டார்கள்: தகுதித் தேர்வுக்கு 60, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15, பிளஸ் டூவுக்கு 10. நான் பிளஸ் டூ எழுதியது 2003-ல். எங்கள் கிராமத்துப் பள்ளியில் அந்த ஆண்டு முழுக்க இயற்பியலுக்கு ஆசிரியரே கிடையாது. பதினேழு வயதில் வாங்கிய மதிப்பெண் இருபத்தெட்டு வயதில் வந்து காலை வாரியது. என்னைவிடத் தகுதித் தேர்வில் குறைவாக வாங்கியவர்களுக்கு வேலை கிடைத்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பொறாமை இருந்தது, அதை மறைப்பானேன்.

அதுவரை ஒரு தனியார் பள்ளியில் மாதம் 7,000 ரூபாய்க்கு வேலை பார்த்தேன். அங்கே சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டு நின்றபோது கடைசி மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்த பிறகுதான் திருப்பித் தந்தார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் பி.எட். படித்தவர் யாராக இருந்தாலும் சொல்கிறேன்: சான்றிதழை எவரிடமும் கொடுத்துவைக்காதீர்கள்.

2014 இறுதியில் வங்கித் தேர்வு எழுதி, மறு ஆண்டு கிளார்க்காகச் சேர்ந்தேன். ஏசி அறையில் உட்கார்ந்து பணம் எண்ணும் வேலை என்று நினைக்காதீர்கள். 2016 நவம்பரில், பணமதிப்பு நீக்கத்தின்போது, ஒருநாள் இரவு கேஷ் டேலி ஆகவில்லை. புதிய 2,000 ரூபாய்த் தாள் ஒன்றோடொன்று ஒட்டும். மூன்று தாள் கூடுதலாக யாருக்கோ போயிருந்தது. ஒன்பதரை மணி வரை குப்பைத் தொட்டியைக்கூடக் கொட்டித் தேடிவிட்டு, 6,000 ரூபாயை என் கையிலிருந்து கட்டினேன். பள்ளியில் ஒரு மாதம் தொண்டை வறளக் கத்தியதற்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் கிடைத்திருக்கும். இப்போதெல்லாம் பணத்தை எண்ணுவது போதாதென்று, வருகிறவர்களிடம் காப்பீட்டுப் பாலிசியும் விற்க வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, ஆசிரியர்கள் சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்று நான் சொன்னதாகச் சண்டைக்கு வராதீர்கள். நாத்தனார் தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று அலைவதைக் கண்ணால் பார்க்கிறேன். கோடை விடுமுறை மட்டும் அவருக்கு உண்டு, எனக்கு இல்லை.

வாய்ப்பு என்று பார்த்தால் கதை தலைகீழ். வங்கி கிளார்க் தேர்வு ஆண்டுதோறும் வருகிறது. தமிழகத்தில் தகுதித் தேர்வு 2013-க்குப் பிறகு 2017-ல்தான் நடந்தது, பிறகு 2019, அதன் பிறகு 2022-23, அப்புறம் 2025. இப்போது அதில் தேறினாலும் நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு இருக்கிறது. காத்திருக்கும் ஆண்டுகளுக்குச் சம்பளம் யாரும் தருவதில்லை. 36,400-ஐப் பார்க்கிறவர்கள் அதைக் கழித்துப் பார்ப்பதில்லை.

உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவுக்கு 28, பிற்படுத்தப்பட்டோருக்கு 31, பட்டியல் சாதியினருக்கு 33 வரைதான். வரம்புக்குள் இருந்தால் இந்த ஆண்டே அதை எழுதுங்கள். ஆசிரியர் தேர்வுக்கு வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். என்னோடு சேர்ந்த ஒருவர் அப்படித்தான் முதுகலை ஆசிரியராகப் போனார். நான் படிக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பிப் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான் வந்தது.