ரீமேனுக்குப் போகும் இசிஎம்: கூடவே எழுதி அனுப்ப வேண்டியவை

கார் எஞ்சின் கம்ப்யூட்டரை (இசிஎம்) கழற்றி ரீமேனுஃபாக்சரிங்குக்கு (சுருக்கமாக ரீமேன்; பழைய யூனிட்டைப் பழுதுபார்த்துப் புதுப்பிப்பது) அனுப்புவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று எழுதி இசிஎம்மை அனுப்பினேன். "பழுது எதுவும் இல்லை" என்று சொல்லி, சோதனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாட்டினால் பழையபடியே இருக்கிறது. சரியாகப் பார்க்கவில்லையோ? (கராஜ் உரிமையாளர், நாமக்கல்)

பார்த்திருப்பார்கள். எதைப் பார்ப்பது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ரீமேன் மேஜையில் வண்டி கிடையாது. எஞ்சின் சுழல்வதைச் சொல்லும் கிராங்க், கேம் சென்சார் சிக்னலை ஒரு சிமுலேட்டர் தரும். எரிபொருள் விடும் இன்ஜெக்டரையும் ஸ்பார்க் தரும் காயிலையும் இசிஎம் இயக்குகிறதா என்று பார்ப்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மட்டும் வரும் பழுது, அந்த அறை வெப்பத்தில் தலைகாட்டாது. "சூடானால் நிற்கிறது, ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது" என்று ஒரு வரி இருந்திருந்தால் போர்டைச் சூடேற்றிச் சோதித்திருப்பார்கள். விரிசல் விட்ட சால்டரும், செராமிக் தகட்டில் விட்டுப்போன பாண்டிங் கம்பியும் அப்படித்தான் பிடிபடும்.

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்பதே பல பழுதுகளின் பொதுப்பெயர். செல்ஃப் அடிக்கிறதா? அடித்தும் ஃபயர் ஆகவில்லையா? ஸ்பார்க் உண்டா, இன்ஜெக்டர் பல்ஸ் உண்டா? சாவி போட்டதும் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? ஸ்கேனர் இசிஎம்மோடு பேசுகிறதா? இவை எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

எழுதுவதை, கழற்றுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றினால் பல வண்டிகளில் ஃபால்ட் கோடும் (பழுதைக் குறிக்கும் எண்) ஃப்ரீஸ் ஃப்ரேமும் (பழுது வந்த நேரத்து அளவுகளின் பதிவு) அழிந்துபோகும். ஆகவே முதல் வேலை ஸ்கேன். எல்லா மாட்யூல்களின் (வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் பெட்டிகளின்) ரிப்போர்ட்டையும் அப்படியே சேமியுங்கள்; ஃபால்ட் கோடை அழிப்பது பிறகு. பழுது வந்த நேரத்து ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம் இரண்டும் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும்; சில வண்டிகளில் பேட்டரி வோல்டேஜும் இருக்கும்.

அடுத்து அளவுகள். இசிஎம் கப்ளரை (ஒயரிங்கின் பிளக்கை) கழற்றி, ஒயரிங் பக்கத்தில் பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பைப் போடுங்கள். மெயின் ரிலே வழியாக வரும் பவராக இருந்தால் ரிலேவை இயக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு மங்கலாக எரிந்து குட்டை உடைக்கும். பிறகு கப்ளரை மாட்டி, பேட்டரி நெகட்டிவுக்கும் இசிஎம் எர்த் பின்னுக்கும் இடையே செல்ஃப் அடிக்கும்போது அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் இசிஎம்மைக் கழற்றாதீர்கள். சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் லைன் படுத்திருந்தால் (ஃபால்ட் கோட் பி0642, பி0652) சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஒன்றைப் பிடுங்கியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் பழுது அந்த சென்சாரில்தான். ஸ்கேனர் பேசவில்லை என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி கப்ளரின் (ஸ்கேனரை மாட்டும் இடம்) 6, 14 பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள்: கேன் லைன் (மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் ஒயர் ஜோடி) நேரடியாக அங்கே வரும் வண்டிகளில் 60 ஓம் வர வேண்டும்.

பி0601, பி0604, பி0605, பி0606 இவை இசிஎம்மின் உள்ளேயே பழுது என்று சொல்லும் ஃபால்ட் கோடுகள். இவை வந்தால் சந்தேகம் நியாயமானதே. ஆனாலும் பேட்டரி இறங்கியபோதோ, எர்த் கெட்டிருந்தபோதோ பி0606 வருவதுண்டு. யூ0100 வேறு வகை: இசிஎம் பேசவில்லை என்று மற்ற மாட்யூல்கள் கொடுக்கும் புகார் அது. ஃப்யூஸ் போயிருந்தாலும் வரும்.

கேள்வி: லேபிளில் நான்கைந்து எண்கள் இருக்கின்றன. எதை எழுதுவது? (எலக்ட்ரீஷியன், மதுரை)

எல்லாவற்றையும். கையால் எழுதினால் 8, 3 ஆகிவிடும். எனவே போட்டோவும் எடுத்துவிடுங்கள். பாஷ் யூனிட்டில் 0 281 என்று தொடங்கும் பத்து இலக்க எண் டீசலுக்கு, 0 261 பெட்ரோலுக்கு. இது ஹார்டுவேர். 1037 என்று தொடங்குவது சாஃப்ட்வேர். வண்டிக் கம்பெனியின் எண் தனி: சுசுகியில் 33920, டொயோட்டாவில் 89661, ஹோண்டாவில் 37820 என்று தொடங்கும். ஹார்டுவேர் எண் பொருந்தி சாஃப்ட்வேர் மாறியிருந்தால் யூனிட் மாட்டும், ஆனால் வண்டி ஒழுங்காக ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. லேபிள் அழிந்திருந்தால் ஸ்கேனர் காட்டும் ஐடென்டிஃபிகேஷன் பக்கத்தைப் படமெடுங்கள். 17 எழுத்துள்ள சேசிஸ் எண்ணில் ஆங்கில ஐ, ஓ, கியூ வராது. அப்படித் தெரிந்தால் அது 1 அல்லது 0.

கேள்வி: ரிப்பேர் ஆகி வந்த பெட்ரோல் இசிஎம், மாட்டிய சில நாளில் அதே சிலிண்டரில் மிஸ்ஃபயர் ஆகிறது. வேலை சரியில்லையா? (பணிமனை மேலாளர், திருச்சி)

அந்தச் சிலிண்டரின் காயிலை மாற்றினீர்களா? உள்ளே ஷார்ட் ஆன காயில் அதிகக் கரன்ட்டை இழுத்து அந்தக் காயிலை இயக்கும் இசிஎம்மின் டிரைவர் டிரான்சிஸ்டரை எரிக்கிறது. டிரைவரை மட்டும் புதிதாக்கி அதே காயிலில் மாட்டினால் அதுவும் எரியும். இன்ஜெக்டர், ஐடில் மோட்டார், ஃபேன் ரிலே எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஆகவே எரிந்த டிரைவர் எந்தப் பாகத்தை ஓட்டியதோ அதன் ரெசிஸ்டன்ஸை அளந்து எழுதி அனுப்புங்கள். சாதாரண மல்டிபாயின்ட் பெட்ரோல் இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓம் வரை காட்டும். 4 சிலிண்டரில் மூன்று ஒரே அளவாக இருந்து நான்காவது தனியாகக் குறைந்தால் அதுதான் காரணம். டிரைவர் உள்ளேயே இருக்கும் மூன்று, நான்கு பின் காயில்களை ஓம்மீட்டரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அங்கே மாற்றிவிடுவதே மலிவு.

வெளியிலிருந்து செய்த வேலைகளையும் மறைக்காதீர்கள். சிஎன்ஜி கிட்டுக்காக இன்ஜெக்டர் ஒயரை வெட்டியது, ஜிபிஎஸ் ட்ராக்கருக்கு ஒயரிங்கில் ஒட்டுப்போட்டது, எலி கடித்தது, ஜம்ப் கேபிளை மாற்றிக் கொடுத்தது, பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் அடித்தது. கேபிளை மாற்றிக் கொடுத்தது தெரிந்தால் பவர் நுழைவில் இருக்கும் பாதுகாப்பு டையோடைத்தான் முதலில் பார்ப்பார்கள். ரீமேப் செய்திருந்தால் (இசிஎம் சாஃப்ட்வேரை மாற்றியிருந்தால்) கட்டாயம் சொல்லுங்கள். இல்லையென்றால் கம்பெனி சாஃப்ட்வேரை ஏற்றி அனுப்புவார்கள், ரீமேப் போயிருக்கும்.

கேள்வி: டீசல் காருக்கு ரீமேன் யூனிட் மாட்டினோம். ஓடுகிறது, ஆனால் ஐடிலில் ஆட்டமும் புகையும். (மெக்கானிக், சேலம்)

பெரும்பாலும் இன்ஜெக்டர் கோட் ஏற்றப்படாததுதான் காரணம். காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் டீசல் விடும் அளவில் நூலிழை வித்தியாசம் உண்டு. அதைத் திருத்தும் கோட் அதன் தலையில் பொறித்திருக்கும். பாஷ் இன்ஜெக்டர் உள்ள ஹூண்டாய் டீசல்களில் 7 எழுத்து, டெல்ஃபியில் 16 அல்லது 20. பழைய இசிஎம் பேசும் நிலையில் இருந்தால் சிலிண்டர் வரிசைப்படி கோடுகளைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டரிலும் பார்த்து ஒப்பிடுங்கள். முன்பு யாராவது இன்ஜெக்டரை மாற்றிவிட்டு கோட் ஏற்றாமல் விட்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அப்போது இன்ஜெக்டரில் இருப்பதே சரி.

டிபிஎஃப் (டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில் சாம்பல் அளவையும் குறியுங்கள். அது ஏறாவிட்டால் அடைபட்ட ஃபில்டரை இசிஎம் புதிது என்று நம்பிவிடும். இம்மொபிலைசர் (பதிவான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) தகவல் பழைய யூனிட்டின் ஈப்ராமில் (மெமரி சிப்பில்) இருக்கலாம். அதைப் புதிய யூனிட்டுக்கு மாற்றித் தர வேண்டுமா, சாவியை இங்கேயே பதிவு செய்துகொள்வீர்களா என்று தெளிவாக எழுதுங்கள். சாவியைப் பதிவு செய்யும் ரகசிய பின் (PIN) நம்பரைப் பார்சலின் மேல் எழுதுவதைப் பார்க்கிறோம். சேசிஸ் எண்ணும் பின் நம்பரும் ஒரே அட்டையில் ஊர் சுற்றினால் திருடனுக்குத்தான் வசதி.

கேள்வி: மழைவெள்ளத்தில் நின்ற காரின் இசிஎம்மை உலர்த்தி அனுப்பலாமா? (வாசகர், வேளச்சேரி)

பேட்டரியைக் கழற்றுங்கள், சாவி போட்டுப் பார்க்காதீர்கள். ஈரத்தில் பவர் கொடுத்தால் பின்கள் வேகமாகப் பச்சை பூத்து அரிக்கும். ஹேர் டிரையர் வேண்டாம். நீர் சீலுக்குள் இன்னும் ஆழமாகப் போகலாம். கப்ளரைக் கீழ்நோக்கிச் சாய்த்து வடியவிட்டு உடனே அனுப்புங்கள். தண்ணீர் எந்த உயரம் நின்றது, மழைநீரா கடல்நீரா, நனைந்தபின் யாராவது ஸ்டார்ட் செய்தார்களா, இந்த மூன்றையும் எழுதுங்கள். கடல்நீர் என்றால் பெரும்பாலும் யூனிட்டை எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: ரீமேன் யூனிட் வாங்கும்போது, பழைய யூனிட்டைத் திருப்பி அனுப்புவதற்காகக் கட்டிய டெபாசிட்டைத் தர மறுக்கிறார்கள். எதற்கெல்லாம் மறுக்கலாம்? (கடைக்காரர், ஈரோடு)

மூடியை நெம்பித் திறந்தது, பின் உடைந்தது, போர்டு எரிந்து ஓட்டையானது, லேபிள் இல்லாதது, அனுப்ப வேண்டிய எண்ணுக்குப் பதில் வேறு எண் யூனிட் வந்தது. இவைதான் வழக்கமான காரணங்கள். கழற்றியதும் நான்கு பக்கமும், கப்ளர் பின்களையும், சீலையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். ஆன்டி-ஸ்டேடிக் கவரில் போட்டு, அதன் மேல் பபிள் ஷீட், பிறகு அட்டைப் பெட்டி. சாதாரண பபிள் ஷீட்டை நேராகச் சுற்றினால் அதுவே ஸ்டேடிக் ஏற்றும். எழுதிய தாளைப் பெட்டிக்குள் ஒன்றும், உங்கள் ஃபைலில் ஒன்றும் வையுங்கள். யூனிட்டின் உடம்பில் மார்க்கரால் எழுத வேண்டாம்.